இடித்தது அவர், கிளெய்ம் என் பேரில்

நான் யாரையாவது இடித்துவிட்டால் அவருக்குப் போய்ச் சேரட்டும் என்று வருஷா வருஷம் ஒரு தொகை கட்டிக்கொண்டிருக்கிறேன். நீங்களும்தான். தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ். மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆவது பிரிவுப்படி இது கட்டாயம். கட்டாமல் ஓட்டி மாட்டினால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், அடுத்த தடவை 4,000. கட்டணத்தையும் அரசாங்கமே நிர்ணயிக்கிறது: ஆயிரம் சிசிக்குள் இருக்கும் காருக்கு 2,094 ரூபாய், 1,500 சிசி வரை 3,416, அதற்கு மேல் 7,897. அதன் தலையில் 18 சதவீதம் ஜிஎஸ்டி. இதெல்லாம் நியாயம்தான், முணுமுணுக்காமல் கட்டிவிடலாம். ஆனால் என்றைக்காவது ஒரு நாள் இன்னொருவர் நம்மை இடித்து, அவர் கட்டிய பணத்திலிருந்து நமக்கு வர வேண்டிய முறை வரும். அன்றைக்கு என்ன நடக்கிறது என்பதில்தான் என் வயிற்றெரிச்சல் எல்லாம்.

சென்னையில் ஒரு சிக்னல். சிவப்பு விழுந்து, ஹேண்ட்பிரேக் போட்டு நிற்கிறேன். பின்னாலிருந்து ஏழு பேர் உட்காரும் பெரிய வண்டி ஒன்று வந்து என் மேல் ஏறியது. அதன் மூக்கில் இரும்புக் குழாயை வளைத்து ஒரு பம்பர் கார்டு. இந்தச் சாமானை வண்டிகளில் மாட்டக் கூடாது என்று மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. எழுதியதோடு சரி. என் பின்பம்பர் இரண்டாகப் பிளந்து, டிக்கிக் கதவு உள்ளே போய், வலது பக்க லைட் பொடிப்பொடியாக ரோட்டில் கிடந்தது. அவருடைய கார்டில் என் வண்டியின் பெயிண்ட் கொஞ்சம் ஒட்டியிருந்தது, அவ்வளவுதான் சேதம்.

ஓட்டி வந்தவருக்கு இருபத்தைந்து வயதிருந்தால் அதிகம். இறங்கி வந்தவர் முதலில் தன் பம்பர் கார்டைத்தான் தடவிப் பார்த்தார். "சாரி சார், பிரேக் புடிச்சேன், நிக்கல. நான் ஆக்டிங் டிரைவர் சார். ஓனர்கிட்ட பேசுறீங்களா?" என்று போனை நீட்டினார். ஓனர் தங்கமான மனிதர். குரல்கூட உயர்த்தவில்லை.

"இன்சூரன்ஸ் இருக்குல்ல சார்? அதுல பாத்துக்குங்க."

"யாரோட இன்சூரன்ஸ்ல?"

"உங்களோடதுலதான். என்னோடது என் வண்டிக்கு இல்ல?"

இவர் வருஷத்துக்கு ஏழாயிரத்துச் சொச்சம் கட்டுகிறவர். எதற்காகக் கட்டுகிறோம் என்றே அவருக்குத் தெரியவில்லை. தெரிந்துகொண்டே சொன்னாரோ என்றும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அதற்குள் பின்னால் நின்றவர்கள் ஹாரனிலேயே திட்ட ஆரம்பித்துவிட்டார்கள். பக்கத்து ஆட்டோக்காரர் தலையை நீட்டி, "ஒரு அஞ்சாயிரம் வாங்கிக்கினு வுடு சார், இவனுங்களோட மல்லு கட்ட முடியாது" என்று இலவச ஆலோசனை தந்துவிட்டுப் பச்சை விழுந்ததும் போய்விட்டார். இந்த விவகாரத்தில் நான் சந்தித்த அத்தனை பேரிலும் விஷயம் தெரிந்தவர் அவர்தான்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால், விபத்து என்றால் இங்கே இல்லை, டிராஃபிக் இன்வெஸ்டிகேஷனுக்குப் போங்கள் என்றார்கள். அங்கே இருந்தவர் கேட்ட முதல் கேள்வி, "யாருக்காவது அடி பட்டுச்சா?"

"இல்லை."

"அப்புறம் என்ன சார்?"

அடிபடாமல் வந்தது என் தப்பு என்பதுபோல் இருந்தது. பொதுச்சாலையில் கண்மண் தெரியாமல் ஓட்டுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆவது பிரிவில் குற்றம், ஆறு மாதம் வரை உள்ளே போடலாம் என்று படித்துவிட்டுப் போயிருந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "எஃப்ஐஆர் தாராளமா போடலாம் சார். வண்டிய இங்க விட்டுட்டுப் போகணும். பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பாக்கணும். அவர் எப்ப வருவாரோ. அப்புறம் கோர்ட்டுக்குச் சாட்சி சொல்ல வரணும். எதுக்கு உங்களுக்கு இந்த அலைச்சல்?" சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. புகாரைப் பெற்றுக்கொண்டு சிஎஸ்ஆர் ரசீது ஒன்று தந்தார். அந்த ரசீதை நான் லேமினேட் செய்து வைத்திருக்கலாம், வேறு எதற்கும் அது பயன்படவில்லை.

சரி, நேராக அந்த ஓனரின் இன்சூரன்ஸ் கம்பெனியையே கேட்போமே என்று கிளம்பினேன். எம்-பரிவாஹன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டால் எந்தக் கம்பெனி, எந்தத் தேதி வரை இன்சூரன்ஸ் என்று காட்டுகிறது. ஓனர் பேர் மட்டும் பாதி எழுத்தும் பாதி நட்சத்திரமுமாக வரும். கம்பெனி பேரை எழுதிக்கொண்டு அவர்களுடைய கிளை அலுவலகத்துக்குப் போனேன். குளிர் அறை, டோக்கன் எந்திரம், எந்திரத்தில் நான்கு பட்டன்: புதுப் பாலிசி, புதுப்பித்தல், கிளெய்ம், மற்றவை. கிளெய்மை அழுத்தினேன். கவுண்டரில் இருந்த பெண் மிக மரியாதையாக, "பாலிசி நம்பர் சொல்லுங்க சார்" என்றார்.

"என் பாலிசி இல்லைம்மா. உங்க கஸ்டமர் என் வண்டிய இடிச்சுட்டார்."

அவர் விரல் கீபோர்டின் மேல் அப்படியே நின்றது. "அப்ப நீங்க எங்க கஸ்டமர் இல்லையா சார்?"

"இல்லை. நான் தேர்ட் பார்ட்டி."

"எங்க இன்சூர்டு வந்து இன்டிமேஷன் குடுத்தாதான் சிஸ்டம்ல கிளெய்ம் ஓப்பன் ஆகும் சார். நீங்க குடுத்தா எடுக்காது."

ஒரு மேலாளர் வந்தார். அவரும் மரியாதையாகத்தான் பேசினார். தேர்ட் பார்ட்டி கிளெய்மைக் கம்பெனி நேரடியாகத் தருவதில்லையாம். மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போய் உத்தரவு வாங்கி வந்தால் ஒரு பைசா பாக்கியில்லாமல் தந்துவிடுவார்களாம். "உங்களுக்கு ஓன் டேமேஜ் கவர் இல்லையா சார்?" என்று அக்கறையாக வேறு விசாரித்தார். இருக்கிறது என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. "அப்புறம் என்ன சார், அதுல போட்டுடுங்க!"

ஓனர், போலீஸ்காரர், மேலாளர், அப்புறம் ஒர்க்‌ஷாப்காரர், சர்வேயர், என் சொந்தக் கம்பெனியின் கால் சென்டர் என்று ஒருவர் விடாமல் எல்லோரும் சொன்னது இந்த ஒரே வாக்கியத்தைத்தான். அதுல போட்டுடுங்க. கூடிப் பேசி வைத்துக்கொண்டதுபோல. போட்டேன். போட்டால் என்ன ஆகும் என்று அந்த வாக்கியத்தில் இல்லாத மிச்சத்தைச் சொல்கிறேன், கேளுங்கள்.

ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட் 41,500 ரூபாய். சர்வீஸ் அட்வைசர் கேட்ட முதல் கேள்வி, "பம்பர் டு பம்பர் இருக்கா சார்?" இல்லை. அது தேய்மானம் கழிக்காத கவர், என்னுடையது சாதாரண பாலிசி. சாதாரண பாலிசியில் தேய்மானம் என்று ஒன்று உண்டு. பிளாஸ்டிக், ரப்பர், நைலான் பாகங்களுக்குப் பாதிதான் தருவார்கள். இந்தக் காலத்துக் காரில் பம்பர் பிளாஸ்டிக், லைட் பிளாஸ்டிக், சென்சார் மூடி பிளாஸ்டிக். கண்ணாடிக்குத் தேய்மானம் கிடையாது. என் அதிர்ஷ்டம், கண்ணாடி மட்டும் உடையவில்லை. இரும்புக்கு வண்டியின் வயசைப் பார்த்துக் கழிப்பார்கள். என் வண்டி நாலு வருஷம் முடிந்து ஐந்தாவதில் இருக்கிறது என்பதால் டிக்கிக் கதவுக்கு 35 சதவீதம் கழிவு. ஐந்து வருஷம் தாண்டியிருந்தால் 40. பெயிண்ட் அடிக்கும் செலவில் கால் பங்கைப் பெயிண்ட் விலை என்று எடுத்துக்கொண்டு அதில் பாதியைக் கழித்தார்கள். கடைசியில் கட்டாயக் கழிவு என்று ஓர் ஆயிரம் ரூபாய். கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய பதினைந்தாயிரம் என் தலையில் விழுந்தது. சிவப்பு விளக்குக்கு மரியாதை கொடுத்து நின்றதற்கு நான் அழுத தண்டம்.

தேய்மானக் கணக்கில் எனக்கு ஆட்சேபம் இல்லை. என் வண்டியை நானே சுவரில் இடித்திருந்தால் இந்தக் கணக்கு நியாயம். கம்பெனிக்கும் எனக்கும் உள்ள ஒப்பந்தம் அது. இடித்தவருக்கும் எனக்கும் நடுவில் அந்த ஒப்பந்தம் எங்கே வந்தது? நாலு வருஷப் பழைய பம்பரை உடைத்தவர், ஓடக்கூடிய நிலையில் ஒரு பம்பர் எனக்குத் தர வேண்டும். பாதி பம்பர் கடையில் விற்பதில்லை.

இதைவிடக் கொடுமை நோ கிளெய்ம் போனஸ். ஒரு வருஷம் கிளெய்ம் எடுக்காவிட்டால் ஓன் டேமேஜ் பிரிமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி, அப்புறம் 25, 35, 45 என்று ஏறி ஐந்து வருஷத்தில் 50 தொடும். நான் 45இல் இருந்தேன். ஒரே கிளெய்மில் ஏணி சரிந்து பூஜ்யத்துக்கு வந்துவிட்டேன். யார் இடித்தார், யார் நின்றார் என்று போனஸ் பார்ப்பதில்லை. கிளெய்ம் என்றால் கிளெய்ம். இப்போது அந்தப் பக்கம் பாருங்கள். ஓனர் தன் வண்டிக்குக் கிளெய்ம் எதுவும் போடவில்லை, ஏனென்றால் அந்தத் தடைசெய்யப்பட்ட இரும்புக் குழாய் அவர் வண்டியைக் காப்பாற்றிவிட்டது. அடுத்தவருக்கு ஏற்படுத்திய சேதத்துக்காகத் தேர்ட் பார்ட்டி கிளெய்ம் வந்தால்கூட ஓன் டேமேஜ் போனஸ் குறைவதில்லை. ஆக, இடித்தவர் அடுத்த வருஷம் தள்ளுபடியில் ஒரு படி மேலே போவார். கிளெய்ம் செய்யாத நல்ல ஓட்டுநர் என்ற பெயரோடு.

சர்வேயர் வந்திருந்தார். டிக்கியை நாலு இடத்தில் தட்டி, நாற்பது போட்டோ எடுத்து, டேப்லெட்டில் என்னவோ குத்திக்கொண்டிருந்தார். கிளெய்ம் படிவத்தில் 'மற்ற வாகனத்தின் விவரம்' என்று ஒரு கட்டம். அதில் அந்த வண்டி நம்பர், ஓனர் போன் நம்பர், கம்பெனி பேர், சிஎஸ்ஆர் எண் எல்லாவற்றையும் நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தேன். "இதை வெச்சு நீங்க அந்தக் கம்பெனிகிட்ட வசூல் பண்ணிப்பீங்கதானே?" என்று கேட்டேன். எனக்குக் கொடுத்த பணத்தை இடித்தவர் தரப்பில் கேட்டு வாங்கும் உரிமை என் கம்பெனிக்கு உண்டு. அதற்கான கையெழுத்தையும் என்னிடம் வாங்கியிருந்தார்கள். அவர் சிரித்துவிட்டார்.

"அதெல்லாம் யார் சார் பண்றாங்க? இன்னிக்கு அவங்க கஸ்டமர் நம்ம வண்டிய இடிச்சா நாம பாத்துக்கறோம். நாளைக்கு நம்ம கஸ்டமர் அவங்க வண்டிய இடிச்சா அவங்க பாத்துப்பாங்க. வருஷக் கடைசியில கணக்கு சரியாப் போயிடும்."

இரண்டு கம்பெனிகளுக்கும் கணக்கு சரியாகப் போகிறது, சந்தோஷம். நடுவில் தேய்மானம் கட்டியவனுக்கும் போனஸ் போனவனுக்கும் எந்த வருஷக் கடைசியில் சரியாகும் என்று அவரிடம் கேட்கவில்லை. அவர் மாசச் சம்பளக்காரர், பாவம்.

பாலிசிக் காகிதத்தை நீங்களும் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். அடுத்தவர் சொத்துக்கு ஏற்படும் சேதத்துக்குத் தனியார் காரானால் 7,50,000 ரூபாய் வரை பொறுப்பு என்று அச்சிட்டிருக்கும். 1988இல் சட்டம் வந்தபோது கட்டாயப் பொறுப்பு வெறும் 6,000 ரூபாய்தான். ஆறாயிரத்திலிருந்து ஏழரை லட்சம் என்றால் நல்ல வளர்ச்சிதானே. ஆனால் அந்த ஏழரை லட்சத்தைத் தொடுவதற்கு ஒரே வாசல் தீர்ப்பாயம், அல்லது சிவில் கோர்ட். சேதம் 2,000 ரூபாய்க்கு மேலே இருந்தால் இரண்டில் எதற்கு வேண்டுமானாலும் போகலாம் என்று 165ஆவது பிரிவு பெருந்தன்மையாகச் சொல்கிறது. இந்தக் காலத்தில் இரண்டாயிரத்துக்குள் சரிசெய்யக்கூடிய இடி ஒன்று இருந்தால் சொல்லுங்கள், பார்ப்போம்.

வக்கீலாக இருக்கும் நண்பர் ஒருவரிடம், அந்தப் பதினைந்தாயிரத்தையும் போனஸ் நஷ்டத்தையும் கேட்டு வழக்குப் போடலாமா என்று கேட்டேன். தாராளமாகப் போடலாம், ஜெயிக்கவும் செய்யலாம் என்றார். சென்னை என்றால் உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் சிறு வழக்குகள் நீதிமன்றம்தான் தீர்ப்பாயம். எஃப்ஐஆர் நகல் வேண்டும், பிரேக் இன்ஸ்பெக்டர் அறிக்கை இருந்தால் நல்லது, ஓனர், டிரைவர், கம்பெனி மூன்று பேருக்கும் நோட்டீஸ் போக வேண்டும், ஒர்க்‌ஷாப்காரரைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டும். "என் ஃபீஸ் வேண்டாம்டா, ஆனா வரிசையில உனக்கு முன்னாடி கால் போனவன், புருஷனப் பறிகொடுத்தவள்லாம் நிக்கறாங்க. அவங்களுக்கு நடுவுல நீ பம்பருக்குப் போய் நிப்பியா?" என்றார். வாயை மூடிக்கொண்டேன். என்னைப் போன்றவர்கள் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்வதில்தான் இந்த ஏற்பாடே ஓடிக்கொண்டிருக்கிறது.

கால் போனவர்களுக்காவது ஒழுங்காகக் கிடைக்கிறதா என்றால், அதற்கு எங்கள் கீழ்வீட்டுப் பையன் இருக்கிறான். வயது 24. பைக்கில் சாப்பாடு டெலிவரி. இண்டிகேட்டர் போடாமல் திரும்பிய கார் ஒன்று அவனைத் தூக்கி எறிந்ததில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, ராடு வைத்து, இப்போதும் மாடிப்படி ஏறினால் விந்துகிறான். அவனுடைய பைக்குக்குத் தேர்ட் பார்ட்டி மட்டும்தான். 'அதுல போட்டுடுங்க' என்று அவனிடம் யாரும் சொல்ல முடியாது, போடுவதற்கு ஒன்றுமில்லை. பைக் இன்னும் படிக்கட்டுக்கு அடியில் வளைந்த ஹேண்டில்பாரோடு நிற்கிறது.

முதல் இரண்டு நாள் மட்டும் பரவாயில்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கேட்கவில்லை. நல்லதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. வார்டு வாசலிலேயே ஒருவர் வந்து, கேஸை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், வருவதில் இவ்வளவு எங்களுக்கு என்று பேசிவிட்டுப் போனார். வழக்கில் கிடைப்பதில் பங்கு பேசக் கூடாது என்று பார் கவுன்சில் விதியே இருக்கிறது. அந்த விதி ஆஸ்பத்திரிப் பக்கம் வருவதில்லை போலும். பொய்யாக ஒரு வண்டியைச் சேர்த்துக் கேஸ் ஜோடிப்பவர்களும் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார்கள். அதைச் சாக்காக வைத்துக் கம்பெனிகள் எல்லோரையும் திருடனைப் பார்ப்பதுபோல் பார்க்கின்றன.

காகிதத்தில் பார்த்தால் உடம்பில் அடிபட்டவருக்குச் சட்டம் பிரமாதம். 2022 ஏப்ரல் 1 முதல் விதிகள் மாறிவிட்டன. 48 மணி நேரத்துக்குள் போலீஸ் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கும் கம்பெனிக்கும் அனுப்ப வேண்டும். 90 நாளுக்குள் விரிவான அறிக்கை. கம்பெனி இதற்கென்று ஓர் அதிகாரியை வைத்து 30 நாளில் ஒரு தொகையைச் சொல்ல வேண்டும். யார் தவறு என்றே நிரூபிக்காமல், பலத்த காயத்துக்கு இரண்டரை லட்சம், இறப்புக்கு ஐந்து லட்சம் வாங்கிக்கொண்டு ஒதுங்கவும் 164ஆவது பிரிவில் வழி உண்டு. அதே கையோடு, முழு இழப்பீடு கேட்பவர் ஆறு மாதத்துக்குள் மனுப் போட்டாக வேண்டும் என்று கெடுவையும் கொண்டுவந்துவிட்டார்கள். கெடு ஒழுங்காக நடைமுறைக்கு வந்துவிட்டது. முப்பது நாளில் தொகையைச் சொல்ல வேண்டிய அதிகாரியைக் கீழ்வீட்டுப் பையன் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை.

அவனுடைய கணக்கைக் கேளுங்கள். மாச வருமானத்தை 12ஆல் பெருக்கி, வயதுக்கேற்ற பெருக்கியால் மறுபடி பெருக்க வேண்டும். 2009இல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட அட்டவணைப்படி 25 வயதுக்குள் என்றால் 18. வயது 40க்குள் இருந்து சொந்தமாகச் சம்பாதிப்பவருக்கு வருங்கால உயர்வு என்று 40 சதவீதம் சேர்க்கலாம். அது 2017இல் பிரணய் சேத்தி வழக்கில் வந்தது. கடைசியில் சம்பாதிக்கும் திறன் எத்தனை சதவீதம் போயிற்றோ அதை எடுத்துக்கொள்ள வேண்டும். பையன் மாசம் 22,000 சம்பாதித்தேன் என்கிறான். திறன் இழப்பு 20 சதவீதம் என்று வைத்தால் 13 லட்சத்து 30 ஆயிரம் வருகிறது. கம்பெனி வக்கீல், சம்பளச் சீட்டு எங்கே, அவன் வேலைக்காரன் இல்லை, 'பார்ட்னர்' என்றுதானே அவனைச் சொல்கிறார்கள், மாசம் 12,000 போடுங்கள் என்கிறார். போட்டால் ஏழே கால் லட்சம். ஒரே ஒரு சம்பளச் சீட்டு இல்லாததன் விலை ஆறு லட்சம்.

அடுத்து, ஊன சதவீதத்தில் சண்டை. டாக்டர் 20 என்றால் அவர்கள் 10 என்பார்கள், மெடிக்கல் போர்டுக்கு அனுப்பு என்பார்கள். உடம்பில் எத்தனை சதவீதம் போயிற்று என்பது வேறு, பிழைப்பில் எத்தனை போயிற்று என்பது வேறு என்று 2010இலேயே ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கிவிட்டது. இடது கை போனால் ஒரு தச்சருக்குப் பிழைப்பே போய்விடும், அரசாங்க குமாஸ்தாவுக்கு வேலை போகாது என்று உதாரணமும் கொடுத்தது. டெலிவரிப் பையனுக்குக் கால் எத்தனை சதவீதம் என்று அந்தத் தீர்ப்பைப் படித்தவர் யாரும் சொல்லிவிடலாம். கம்பெனி வக்கீல் மட்டும் வாய்தா வாங்குகிறார். காரின் ஓனர் கோர்ட் பக்கமே வரவில்லை, எக்ஸ்பார்ட்டி. அவருக்கு என்ன கவலை, இன்சூரன்ஸ் இருக்கிறதே.

இன்சூரன்ஸ் இருப்பவர் இடித்ததே பையனின் பாக்கியம் என்றும் சொல்கிறார்கள். நாட்டில் ஓடும் வண்டிகளில் பாதிக்கு மேல் இன்சூரன்ஸ் இல்லை என்று நாடாளுமன்ற நிலைக்குழுவே அலுத்துக்கொண்டது. கோவையின் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் சாலைப் பாதுகாப்புக்காகத் தொடுத்த பொதுநல வழக்கில்தான், 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்கு மூன்று வருஷம், புது டூவீலருக்கு ஐந்து வருஷம் தேர்ட் பார்ட்டி பிரிமியத்தை மொத்தமாக வாங்கிவிட வேண்டும் என்று ஆயிற்று. உடைந்த எலும்புகளைத் தினம் பார்க்கிறவர் போட்ட வழக்கு. நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. பணத்தை மூன்று வருஷத்துக்கும் ஐந்து வருஷத்துக்கும் முன்கூட்டியே வாங்க வழி செய்தாயிற்று, கொடுப்பதற்கு மட்டும் அப்படி ஒரு வேகம் வரவில்லை.

அரசுப் பேருந்து இடித்தால் இன்னும் வேடிக்கை. அரசாங்கப் போக்குவரத்துக் கழகங்கள் தனியாக ஒரு நிதி வைத்துக்கொண்டால் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டியதில்லை. தீர்ப்பு வந்த பிறகும் பணம் வராமல், கோர்ட் அமீனா பஸ் ஸ்டாண்டுக்கு வந்து ஜப்தி நோட்டீஸை முன்கண்ணாடியில் ஒட்டி, பயணிகளை இறக்கிவிடும் செய்தியை நம் ஊர்ப் பேப்பரில் படிக்காதவர் யார்? என்னை இடித்தவர் வண்டியையும் அப்படி ஒரு நாள் ஜப்தி செய்து, அந்த பம்பர் கார்டில் நோட்டீஸ் ஒட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு சின்ன ஆசை உண்டு.

நான் ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை. வண்டி நம்பரைத் தட்டினால் இன்சூரன்ஸ் கம்பெனி பேர் வந்துவிடுகிற காலம் இது. சிக்னலில் நின்ற வண்டியைப் பின்னாலிருந்து இடித்ததில் யார் தப்பு என்று பார்க்க நீதிபதி வேண்டாம், அங்கங்கே கேமரா இருக்கிறது. என் கம்பெனி எனக்கு முழுசாகக் கொடுத்துவிட்டு, அந்தக் கம்பெனியிடம் முழுசாக வாங்கிக்கொள்ளட்டும். போனஸில் கைவைப்பதானால் இடித்தவர் போனஸில் வைக்கட்டும். உடம்பில் அடிபட்டவருக்கு என்று எழுதி வைத்திருக்கிற அந்த முப்பது நாள் அதிகாரி நிஜமாகவே ஒரு நாற்காலியில் உட்காரட்டும். டோக்கன் எந்திரத்தில் ஐந்தாவதாக ஒரு பட்டன், 'உங்கள் கஸ்டமர் என்னை இடித்துவிட்டார்' என்று. இதற்குச் சட்டத் திருத்தம்கூட வேண்டுமா என்ன?

போன வாரம் பாலிசி புதுப்பிக்கச் சொல்லி என் கம்பெனியிலிருந்து ஒரு பையன் பேசினான். பிரிமியம் ஏன் இவ்வளவு ஏறியிருக்கிறது என்றேன். "நீங்க கிளெய்ம் எடுத்திருக்கீங்க சார், என்சிபி ஜீரோ ஆயிடுச்சு" என்றான். நான் நின்றுகொண்டிருந்தேன், இன்னொருவர் இடித்தார் என்று கதையை முதலிலிருந்து சொன்னேன். நிஜமாகவே பரிதாபப்பட்டான். அப்புறம் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, வேண்டியவருக்குச் சொல்வதுபோல் சொன்னான்: "சார், இதுக்குன்னே என்சிபி ப்ரொடெக்ட்னு ஒரு ஆட்-ஆன் இருக்கு. கொஞ்சம் கூடுதலா கட்டினா, திரும்ப போனஸ் சேர்ந்தப்புறம் யாராவது வந்து இடிச்சாலும் போனஸ் போகாது. பம்பர் டு பம்பரும் சேத்துப் போட்டுடவா?"

போடச் சொல்லிவிட்டேன்.